மயில்கழுத்து

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் சந்நிதித் தெருவிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்தில், முன்பு நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் ஒன்று ஆகிய மூன்றையுமே மூலதனமாகக் கொண்டு 1976-ஆம் ஆண்டில் நான் பரிசோதனை நிலையம் தொடங்கியபோது, வாசல் பலகையில் 'ரத்தம், சிறுநீர், மலம்' என்று எழுதச் சொன்னதற்கு, பெயிண்டர் முதல் இரண்டு சொற்களை எழுதி முடித்துவிட்டு, தூரிகையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "மூணாவதும் அவசியந்தானா சாமி? கோவில் வாசல் பக்கம்..." என்று இழுத்தார். என் தகப்பனாரின் அபிப்பிராயமும் அதுவே. தினமும் திருவாராதனம் நடக்கிற வீட்டில் பிறந்த பிள்ளை ஊரார் ரத்தத்தைத் தொடுவதையே அவர் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாவது சொல் தெருவில் போவோர் வருவோர் கண்ணில் படும்படி தொங்குவதை அவரால் சகிக்க முடியவில்லை. ஆகவே அந்த இடத்தில் 'முதலியன' என்ற சொல் ஏறிற்று. அதன்பின் முப்பத்தைந்து வருஷ காலம் என் ஜீவனத்தில் பெரும்பகுதி அந்த 'முதலியன'விலிருந்துதான் வந்தது என்பதை இப்போது சொல்லிக்கொள்வதில் எனக்குச் சங்கோசம் ஏதும் இல்லை.

ஆனால் வந்தவர்களுக்கு இருந்தது. ரத்தம் கொடுக்க வருகிறவர் பட்டப்பகலில், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே படியேறுவார். மற்றதைக் கொண்டு வருகிறவர் விளக்கு வைக்கும் நேரம் பார்த்து, துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, 'டாக்டர் கேட்டது' என்று மட்டும் சொல்லி மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போவார். அக்காலத்தில் இதற்கென்று பிளாஸ்டிக் டப்பா கிடையாது. தீப்பெட்டிதான் சர்வசாதாரணம், அதற்கடுத்தபடி அமிர்தாஞ்சன் சீசா, பவுடர் டப்பா, நெசவாளர் வீடுகளிலிருந்து சரிகைச் சுருள் வந்த சின்ன அட்டைப்பெட்டி. விளக்கடிக்கோயில் தெருவிலிருந்து ஒரு பெரியவர், போதாமல் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்துடன், ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை நிரப்பி, கழுத்தில் நூல் கட்டி, ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வருகிற ஜாக்கிரதையோடு கொண்டு வந்ததும் உண்டு. ஒரு குன்றிமணி அளவு போதும் என்று நான் சொன்னபோது அவருக்கு ஏற்பட்ட ஏமாற்றம் இன்னும் என் ஞாபகத்தில் இருக்கிறது.

டாக்டர் சீட்டில் 'ஆக்கல்ட் பிளட்' என்று எழுதியிருந்தால் அதற்குத் தனி ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத, மலத்தோடு கலந்து மறைந்துபோன ரத்தத்தைத் தேடும் பரீட்சை அது. பெருங்குடலில் வளரும் கட்டியோ, கட்டியாவதற்கு முந்திய சிறு முளையோ, மலம் உராய்ந்து போகும்போதெல்லாம் துளித்துளியாகக் கசியும் ஸ்வபாவம் உடையது. அந்தக் கசிவு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தராமல் நடந்துகொண்டிருக்கும். அதைப் பிடிக்க நாங்கள் கையாண்ட மருந்து பென்ஸிடின். மாதிரியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, ஸ்பிரிட் விளக்கில் ஒரு கொதி கொதிக்க வைத்து ஆற விடுவேன். காய்கறியிலிருந்து வரும் நொதிகள் ரத்தத்தைப் போல வேஷம் போடாதிருப்பதற்காகவே அந்தக் கொதி. வேறொரு குழாயில் அடர்ந்த அசிட்டிக் அமிலத்தில் பென்ஸிடின் பொடியைக் கரையும் மட்டும் கரைத்து, அதில் இந்த நீரைச் சில சொட்டுகள் விட்டு, கடைசியாக ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்த்தால், ரத்தத்தின் சாயல் துளி இருந்தாலும் நிறமற்ற திரவம் முதலில் பச்சையாகி, பிறகு அடியிலிருந்து புகைபோல நீலம் எழும்பும். வெளிர்பச்சை என்றால் சந்தேகம்; நீலப்பச்சை என்றால் ஒரு பிளஸ்; ஒரு நிமிஷத்துக்குள் கருநீலம் என்றால் மூன்று பிளஸ். அறை முழுவதும் வினிகர் நெடி அடிக்கும். அந்த நீலம் எழும்பும் காட்சியில் ஒரு சௌந்தரியம் இருந்தது என்பதையும், அதை எதிர்பார்த்து நான் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்ற நேரங்களில் அது ஒரு மனிதனுடைய ரத்தம் என்பது எனக்கு மறந்தே போனது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பென்ஸிடினைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதே பொருள்தான் சாயப் பொடிகள் பலவற்றுக்குத் தாய்ச்சரக்கு. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துச் சாயத் தொழிலாளருக்கு மூத்திரப்பையில் புற்று வருவதை லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே எடுத்துச் சொல்லியிருந்தார். அந்த வகைச் சாய மூலப்பொருள்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்று பென்ஸிடின் என்பது பின்னால் உறுதியாயிற்று. இந்தியாவில் பென்ஸிடின் சாயங்களைத் தடை செய்தது 1990-களில். ஆக, குடலில் புற்று இருக்கிறதா என்று தேடுவதற்காகப் புற்றை உண்டாக்கும் பொடியை வெறுங்கையால் அள்ளிக் கரைத்துக்கொண்டிருந்தவன் நான். பட்டு நூலைச் சாயத்தில் முக்கி முழங்கை வரை நிறம் ஏறிய கைகளோடு என்னிடம் பரிசோதனைக்கு வந்த தொழிலாளிகளும், நானும், ஒரே பொடியின் முன்னே ஒரே அஜாக்கிரதையோடு நின்றிருக்கிறோம்.

பரீட்சைக்கு முன்பு மூன்று நாள் பத்தியம் உண்டு. மாமிசம் கூடாது, ஏனென்றால் ஆட்டு ரத்தத்துக்கும் மனித ரத்தத்துக்கும் பென்ஸிடினுக்கு வித்தியாசம் தெரியாது. முள்ளங்கி முதலிய சில காய்களும் கூடாது. சந்நிதித் தெரு அக்கிரகாரத்தாருக்கு முதல் நிபந்தனை வேடிக்கையாக இருந்தது. இரண்டாவதற்கு, 'முள்ளங்கி சாம்பார் கூடாதாமே' என்று துக்கப்பட்டார்கள். தறிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை விடுவது கஷ்டம். ஆகவே பெரும்பாலோர் திங்கட்கிழமை விட்டு வியாழக்கிழமை வருவார்கள். பத்தியத்தை எத்தனை பேர் நிஜமாக அனுஷ்டித்தார்கள் என்பது அந்த வரதராஜனுக்கே வெளிச்சம்.

1979-ஆம் வருஷம். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர் வசந்த மண்டபத்தில் சேவை சாதித்துக்கொண்டிருந்த நாள்கள். ஒரு சாயங்காலம், பத்து வயதுப் பையன் ஒருவன் சரிகைப் பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, "அப்பா குடுக்கச் சொன்னாரு" என்றான். அப்பா தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். கோர்வை நெசவில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்த முதலியார்; வயது நாற்பத்திரண்டு இருக்கலாம். தரிசன வரிசையில் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாராம்; டாக்டர் கண் ரப்பையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டு விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். அப்போது ஹீமோகுளோபின் அளப்பதற்கு சாலி முறை: ரத்தத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டால் அது பழுப்பாகும், பக்கத்தில் பொருத்தியுள்ள பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு அது ஒத்து வரும் வரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, எந்தக் கோட்டில் நின்றது என்று பார்க்க வேண்டும். நான் 'சரி, ஒத்துவிட்டது' என்று எழுதப் போகும்போது, பக்கத்திலிருந்து பார்த்த முதலியார், "இன்னும் ஒரு சொட்டு தாங்கும் சாமி" என்றார். விட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. ஏழு கிராம். நூலின் நிறத்தைப் பார்த்தே இன்ன சாயக்காரர் தோய்த்தது என்று சொல்லும் கண் அது. பிறகு ஸ்லைடு போட்டேன்: மெல்லிய ஓடும், உள்ளே நாலைந்து அறைகளாகப் பிளந்த கருவும் கொண்ட, கண்ணாடி போன்ற நீள்வட்ட முட்டைகள், கொக்கிப்புழு. கடைசியாக பென்ஸிடின். விட்ட மறுகணம் நீலம் அடியிலிருந்து திரண்டு எழுந்து, மேலே பச்சை விளிம்போடு நின்றது. முதலியார் எழுந்து வந்து குழாயை உற்றுப் பார்த்தார்.

"மயில்கழுத்து! அசல் மயில்கழுத்து. சாயக்காரன்கிட்ட மூணு தடவை திருப்பி அனுப்பினாலும் இந்தக் கலர் வராது சாமி."

நான் சிரித்தேன். பையனும் சிரித்தான்.

'கொக்கிப்புழு முட்டை காணப்பட்டது. மறைந்த ரத்தம் மூன்று பிளஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டருக்கும் எனக்கும் மனத்தில் ஒரே கணக்கு: புழு குடலைக் கடித்து ரத்தம் குடிக்கிறது, அதனால் சோகை, அதனால் நீலம். புழுவுக்கு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன. இரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்க்க வந்தபோது பத்து கிராம். சந்தோஷமாகக் கைகுலுக்கினேன். அன்றைக்கு இன்னொரு சரிகைப் பெட்டி கொண்டு வரச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். புழு போனபின்பும் அந்த நீலம் எழுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதற்குத் தனியே கட்டணம் ஆகும், பாவம், சேலை இறக்கினால்தான் கூலி வாங்குகிற மனிதர் என்று நினைத்தேனோ, அல்லது விடை கிடைத்த கணக்கை மறுபடி எவன் போட்டுப் பார்ப்பான் என்று நினைத்தேனோ, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. கணக்கிலேயே பிழை இருந்தது. நான் கண்ட முட்டைகள் ஸ்லைடு முழுவதும் தேடி மூன்றே மூன்று. நம் பக்கத்துக் கொக்கிப்புழு ஒன்று ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஏறக்குறைய ஒரு சொட்டு ரத்தம். மூன்று முட்டைக்கு எத்தனை புழு இருந்திருக்கும், அத்தனை புழு சேர்ந்து ஒரு திடகாத்திரமான மனிதனை ஏழு கிராமுக்கு இறக்க முடியுமா என்று பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பார்த்திருந்தாலே போதும். இரும்பு மாத்திரையோ, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதைப் போல, கசிவு இருக்கும்போதே மட்டத்தை உயர்த்திக் காட்டும்.

1981-ல் அவருடைய வயிற்றின் வலப்பக்கம் கைக்குத் தட்டுப்படும் கட்டி. காரப்பேட்டை மருத்துவமனையில் பார்த்தபோது, பெருங்குடல் தொடங்கும் இடத்திலிருந்து ஈரல் வரை பரவியிருந்தது. அடுத்த கருட சேவைக்கு அவர் இல்லை. டாக்டரும் சரி, ஊராரும் சரி, யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தோன்றுவதற்கான காரணமே அவர்களுக்குத் தெரியாது.

காரப்பேட்டை மருத்துவமனை, இவ்வூரில் பிறந்து 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி உணவுக்குழாய்ப் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்பது. ஒரு முதலமைச்சரின் மரணம் இந்த ஊருக்குப் புற்றுநோய் மருத்துவமனையைக் கொடுத்தது. அதற்கு முன்னால் சென்னை அடையாறில் 1954-ல் தொடங்கிய மருத்துவமனைக்குப் பின்னாலும் ஒரு மரணம் உண்டு. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் இளைய சகோதரியை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்; அந்தப் பெண்ணுக்கு ஆரம்பத்தில் சீதபேதி என்றே வைத்தியம் நடந்தது. டாக்டருடைய வீட்டிலேயே, டாக்டருடைய தங்கைக்கே அப்படி. இதை நான் முதன்முதலில் படித்தபோது, வேறு எதையும்விட அந்தச் 'சீதபேதி' என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. அதுவும் ஒரு கொக்கிப்புழு. உண்மையாகவே ஊரில் இருக்கிற வியாதி, எல்லோருக்கும் தெரிந்த வியாதி, நம்பத்தகுந்த வியாதி.

எங்கள் ஊரில் அந்த ஸ்தானத்தில் இருப்பது மூலம். காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் கால் இறக்கினால் பொழுது சாயும் வரை உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத ஜாதி இது. ரத்தம் கண்ணுக்கே தெரியும்படி வந்தாலும், 'உட்கார்ந்து உட்கார்ந்து சூடு, மூலம்' என்று ஒருவருக்கொருவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கருணைக்கிழங்கு மசியலும் துத்திக்கீரையும் சாப்பிடுவார்கள். மிஞ்சிப் போனால் பஸ் நிலையத்துச் சுவரில் 'மூலம், பவுத்திரம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அங்கே போவார்கள். பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள விபரீதம். மூலம் இருப்பவனுக்குப் புற்று வராது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம், கீழ்வீட்டுக்காரன் போடும் சத்தத்தில் மாடியில் இருப்பவன் நடமாடுவது காதில் விழாது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மலம் கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறி, சில வாரங்கள் ஆகியும் திரும்பாவிட்டால், அல்லது ரத்தம் மலத்தோடு கலந்து வந்தால், அல்லது காரணம் புலப்படாத சோகை கண்டால், அவர் பரிசோதனை டப்பாவைத் தேட வேண்டியதில்லை, நேரே டாக்டரிடம் போக வேண்டும். டப்பா, ஒன்றுமே தெரியாதவருக்கு உரியது.

அந்த டப்பா வீட்டுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. குவாயக்கம் என்றொரு மரம். கரீபியன் தீவுகளில் வளர்வது, தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமானது. அதன் பிசின் ரத்தம் பட்டால் நீலமாகும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து டாக்டர் டேவிட் கிரீகர் 1967-ல் அந்தப் பிசின் ஊறிய காகிதத்தை அட்டையில் ஒட்டி நோயாளிகளிடமே கொடுத்தார்: மூன்று நாள், வீட்டிலேயே, ஒரு குச்சியால் தடவி மூடித் திருப்பிக் கொடு. அட்டை தபாலிலும் போயிற்று. இந்த எளிய காரியம் உயிரைக் காக்கிறதா என்று மின்னசோட்டாவில் 46,551 பேரை வைத்துப் பல்லாண்டுகள் பார்த்து 1993-ல் வெளியிட்ட முடிவில், வருஷந்தோறும் பரீட்சை செய்துகொண்டவர்களிடையே குடல் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான் அந்த ஆண்டில்தான் பென்ஸிடின் சீசாவைக் கொல்லைப்புறம் கொண்டு போய் வைத்தேன்.

அதைவிடப் பெரிய மாற்றம் மனித ரத்தத்தை மட்டும் அடையாளம் காணும் பரீட்சை. 'ஃபிட்' என்று சுருக்கமாகச் சொல்வது. மனித ஹீமோகுளோபினில் உள்ள புரதத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் அதில் இருப்பதால் ஆட்டுக்கறியும் முள்ளங்கியும் அதை ஏமாற்ற முடியாது; பத்தியம் இல்லை. இரைப்பையிலோ சிறுகுடலின் மேற்பகுதியிலோ கசியும் ரத்தத்தின் புரதம் கீழே வருவதற்குள் ஜீரணமாகிவிடுவதால், அது பெரும்பாலும் பெருங்குடலின் கசிவையே சொல்லும். முதலியாருக்கு அது கிடைத்திருந்தால், சிறுகுடலில் இருந்த புழுவின் பேரில் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. ஜப்பான் 1992-லேயே நாடு முழுவதற்கும் இதைக் கொண்டு வந்தது.

அதை நான் கையில் தொட்டுப் பார்த்தது 2019-ல். அத்திவரதர் மறுபடி எழுந்தருளினார்: ஜூலை 1 முதல் 48 நாள், முதல் 31 நாள் சயனக் கோலம், பிறகு 17 நாள் நின்ற கோலம். ஊர் கொள்ளாத கூட்டம். என் தமக்கையும் அத்திம்பேரும் இங்கிலாந்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். பெட்டியைப் பிரித்தபோது, அத்திம்பேர் அசட்டையாக ஒரு தபால் உறையை எடுத்து மேஜைமேல் போட்டார். அப்போது அங்கே அறுபது வயதானவர்களுக்கு அரசாங்கமே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பி வைத்துக்கொண்டிருந்ததாம். அந்த வருஷம் ஜூனில்தான் பழைய அட்டையை மாற்றிப் புதியதைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். "கிளம்பற அன்னிக்கு வந்தது. அப்படியே பைக்குள்ள போட்டுண்டு வந்துட்டேன். மூணாவது தடவை அனுப்பறான், விடமாட்டேங்கறான்" என்றார். உறையைப் பிரித்தால் சுண்டுவிரல் அளவு ஒரு குப்பி. அதன் மூடியோடு சேர்ந்த குச்சி. குச்சியின் நுனியில் மெல்லிய வரிப்பள்ளங்கள். அந்தப் பள்ளம் நிறையும்படி தடவினால் போதும். குச்சியைத் திரும்ப உள்ளே செருகும்போது குறுகலான கழுத்து மிச்சத்தை வழித்துவிடுகிறது; ஆகவே எல்லோரும் அனுப்புவது ஒரே அளவு. ஹார்லிக்ஸ் பாட்டில் பெரியவரை நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் இந்தத் தொழிலைச் செய்து ஓய்ந்தவனுக்கு அந்த வரிப்பள்ளத்தைக் கண்டபோது ஏற்பட்ட ஆனந்தம், அத்திம்பேருக்கு விளங்கவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் முதல் காரியமாக இதைச் செய்து தபாலில் சேர்ப்பதாகப் பெருமாள் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவரும் செய்தார், 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்ததாம். அப்போது அங்கே நூறு பேர் அனுப்பினால் ஏறக்குறைய இரண்டு பேரைத்தான் உள்நோக்கிக் குழாய் வைத்துப் பார்க்க அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோருக்குப் புற்று இராது.

நம் நாட்டில் அரசாங்கம் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்யும் பரிசோதனைகளில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள் இடம்பெற்றிருக்கின்றன, குடல் இல்லை. மேலைநாடுகளைவிட இங்கே இந்நோய் குறைவு என்பதும், நீலம் கண்டவர்களையெல்லாம் குழாய் வைத்துப் பார்க்கப் போதிய டாக்டர்கள் இல்லை என்பதும் நியாயமான காரணங்களே. ஆனால் மருந்துக்கடையில் கேட்டால் இப்போது பிளாஸ்டிக் பட்டை கிடைக்கிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் போலத்தான்: ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் உண்டு.

அத்திம்பேர் போன மறுவாரம் நானே ஒன்று வாங்கி வந்தேன். ஊரார் உடைமையையெல்லாம் பார்த்தவன் தன்னுடையதை ஒரு நாளும் பார்த்ததில்லை. இங்கேதான் ஒரு நடைமுறைச் சங்கடம். மேலைநாட்டுக் கையேடு எழுதினவர்களுக்கு நம் கழிப்பறையைப் பற்றித் தெரியாது. மாதிரி தண்ணீரில் விழக் கூடாது. நம்முடையதிலோ எல்லாம் தண்ணீர்தான். எதையாவது விரித்து ஏந்திக்கொள்ள வேண்டும். அகலமாக, வழுவழுப்பாக, தூக்கி எறியக்கூடியதாக எது உண்டு என்று யோசித்தபடி சமையலறை மாடத்திலிருந்து மந்தார இலை ஒன்றை எடுத்தேன்.

"ஏன்னா, அது எதுக்கு?" என்றாள் என் மனைவி.

சொன்னேன்.

"பெருமாளுக்குக் குடலை இட்லி வேகற இலையாக்கும் அது! கையை எடுங்கோ முதல்ல."

பழைய பேப்பரில் காரியம் முடிந்தது. பட்டையில் ஐந்து நிமிஷம் கழித்தும் ஒரு கோடுதான். வெகுநேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, இரண்டாவது கோடு நிழலாகத் தெரிகிறதோ என்று மயங்குவது எல்லோருக்கும் உள்ள பலவீனம். குறித்த நேரத்துக்குப் பிறகு தெரிவது கணக்கில் சேராது என்று தெரிந்தும் நானும் இரண்டு தடவை குப்பைத் தொட்டியைக் கிளறினேன். மூலத்தில் ரத்தம் போகிற நாளிலும், பெண்கள் விலக்கு நாளிலும் இதைச் செய்யக் கூடாது. ஒரு கோட்டைக் கண்டு பத்து வருஷம் நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. கட்டி தினந்தோறும் கசிவதில்லை, ஆகையால் வருஷம் ஒன்றோ இரண்டோ கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு கோடு கண்டவர், இது மூலந்தான் என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோ, இன்னொரு பட்டை வாங்கி அதில் ஒரு கோடு வரும் வரையில் பார்த்துக்கொண்டோ இருக்கலாகாது. அந்த இரண்டாவது வகைக்காரர்களை நான் கண்டிருக்கிறேன்.

அத்திம்பேரின் உறையோடு வந்த காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கு இந்நோய் இருந்திருந்தால், மற்றவர்களுக்கு அது வரும் சாத்தியம் கூடுதல். அவர்கள் நாற்பது வயதிலோ, உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாகவோ, எது முந்தியோ அப்போதே குழாய் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் பல வருஷங்களாகவே அறிவேன். சரிகைப் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்த பையனுக்கு 2019-ல் ஐம்பது வயது. முப்பத்து நான்கிலேயே பார்த்திருக்க வேண்டியவன். ரங்கசாமி குளத்துக்கு அந்தப் பக்கம் தறி போட்டிருக்கிறான் என்பதும், சந்தையில் எதிர்ப்பட்டால் 'நல்லா இருக்கீங்களா சார்' என்று நின்று கேட்பான் என்பதும் எனக்குத் தெரிந்தவைதான்.

கூட்டத்தை முன்னிட்டுத் தெருக்களை அடைத்திருந்த ஒரு பிற்பகலில் நடந்தே போனேன். குழியில் கால் தொங்க, மயில்கழுத்தும் இல்லை பச்சையும் இல்லை, அரக்கு உடலில் மாம்பழ மஞ்சள் கரையைக் கோர்த்துக்கொண்டிருந்தான். எதிர்க்கரையில் நாடா வாங்கித் தர அவன் மனைவி. எழுந்திருக்கப் போனவனை உட்காரச் சொல்லி, அந்தக் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்து, 1979-ல் நடந்ததை முட்டைக் கணக்கு உட்பட, பத்து கிராமுக்குக் கைகுலுக்கினது உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன். நாற்பது வருஷம் சொல்லாததைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்பா அன்னிக்கு வீட்டுக்கு வந்து, ஐயங்கார் லேப்புல ஒரு மயில்கழுத்து பாத்தேன்டான்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு சார்" என்றான். பிறகு, "நான் அந்த டப்பா டெஸ்ட் பண்ணினா போதுமா?" என்றான்.

போதாது என்றேன். ஒன்றுமே தெரியாதவருக்குத்தான் அது; அவன் விஷயத்தில் நமக்கு ஒன்று தெரியும். தறியில் இருந்த சேலையை இறக்க எட்டு நாள் ஆகும் என்றான். முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை. எட்டு நாள் பொறுக்கலாம் என்றேன். பத்தாம் நாள் நானே கூட வருவேன் என்றும் சொன்னேன்.

சென்னையில் ஒரு மருத்துவமனை. முதல் நாள் இரவு முழுவதும் பேதி மருந்து நீரை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு, பாவு ஆற்றின நூல் போல வெளுத்து வந்தான். அரை மணி நேரத்தில் காரியம் முடிந்து, மயக்கம் தெளிந்தபோது டாக்டர் வந்து, இரண்டு முளைகள் இருந்தன, ஒன்று கடுகளவு, மற்றது மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, இரண்டையும் அப்போதே எடுத்தாயிற்று, சோதனைக்கு அனுப்புகிறோம், மூன்று வருஷம் கழித்து மறுபடி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதிரி முளை புற்றாக மாறப் பத்து வருஷம்போல ஆகும் என்றும், பெரியதை விட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாதென்றும் அவன் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். பத்து நாளில் வந்த அறிக்கையிலும் புற்று இல்லை.

அறிக்கையோடு கலர்ப் படங்களும் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், அவன் அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெகுநேரம் அந்த மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது வெங்காயக் கலர் சார்" என்றான். "இப்ப இந்தக் கலருக்குத்தான் ஆர்டர் ஜாஸ்தி."